இரண்டு இணைப்பு, ஒரே வெளிவாசல்

டியூஷன் வகுப்புக்கென்று பழைய கணினியில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கும் கிளைத் தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: “அண்ணே, வாய்ஃபை முழுசா காட்டுது. ஆனா பிரிண்டர் பக்கத்துக் கேபிளைச் செருகினதும் இணையம் நின்னுடுது. லினக்ஸை மறுபடி போடட்டுமா?”

வேண்டாம். பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அந்த வேலையில் இறங்காதீர்கள். கோளாறு லினக்ஸில் இல்லை, அதன் வழி அட்டவணையில் இருக்கிறது.

தாமானுக்குள் இருக்கும் கடைக்குப் போக யாரும் டோல் சாவடி வரை போவதில்லை. வெளியூருக்குத்தான் நெடுஞ்சாலை. கணினியும் அப்படித்தான். பிரிண்டரின் முகவரி 192.168.10.20 என்றால், 192.168.10.0/24 என்ற உள்வழி அட்டவணையில் இருக்கிறது, நேராகப் போய்விடும். தனி வழி எழுதப்படாத மற்ற எல்லா முகவரிக்கும் ஒரு பொதுவழி உண்டு. அதுதான் டிஃபால்ட் ரூட்.

சிக்கல் எங்கே வருகிறது? பிரிண்டர் மாட்டியிருக்கும் சின்ன ரவுட்டருக்கு இணையமே கிடையாது. ஆனாலும் கேபிளைச் செருகியதும் அது, “நான்தான் வெளிவாசல்” என்று 192.168.10.1ஐக் கொடுத்துவிடும். வாய்ஃபை ரவுட்டர் தன் பங்குக்கு 192.168.0.1ஐக் கொடுக்கும். டெர்மினலில் ‘ஐபி ரூட்’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரி இரண்டு இருக்கும். ஒவ்வொன்றின் கடைசியிலும் மெட்ரிக் என்று ஓர் எண் இருக்கும். நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வாய்ஃபைக்கு 600 போடும். எண் குறைந்ததுக்கே முதலிடம். அப்புறம் என்ன, வெளியே போக வேண்டியது எல்லாம் முட்டுச்சந்துக்குள் போய் நிற்கும். இணையம் வருகிறதா என்று சோதிக்கும் வசதி இயங்கினால், நெட்வொர்க் மேனேஜரே 20000 கூட்டி அந்த வழியைப் பின்னுக்குத் தள்ளும். அது இல்லாத கணினியில் நாம்தான் கை வைக்கணும்.

(இரண்டு இணைப்பு இருந்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று சிலர் நம்புகிறார்கள். இந்த முறையில் ஆகாது. குறைந்த எண் உள்ள வழி மட்டும்தான் ஓடும்.)

அவசரத்துக்கு ‘சூடோ ஐபி ரூட் டெல் டிஃபால்ட் வியா 192.168.10.1’ என்று கொடுத்தால் உடனே சரியாகும். ஆனால் கேபிளைக் கழற்றி மாட்டினால் பழையபடி வந்துவிடும். நிலையான தீர்வு அமைப்புகளில் இருக்கிறது. க்னோம் திரையில் கேபிள் இணைப்பைத் திறந்து, ஐபிவி4 பக்கத்துக்குப் போங்க. ‘இந்த இணைப்பை அதன் சொந்த வலையில் உள்ளவற்றுக்கு மட்டும் பயன்படுத்து’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு, இணைப்பை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள். பிரிண்டர் வழி அப்படியே இருக்கும். அதன் பொதுவழி மட்டும் மறைந்துவிடும். மெட்ரிக் எண்ணை மாற்றியும் சமாளிக்கலாம், ஆனால் எனக்கு இதுதான் பிடிக்கும். வாய்ஃபை அறுந்தாலும் கணினி முட்டுச்சந்தைத் தேடிப் போகாது பாருங்க.

சரிபார்க்க ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’ என்று கொடுங்கள். எந்த வாசல் வழியே போகும் என்று அதுவே சொல்லும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரவுட்டருமே 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்தால், பிரிண்டர் எந்தப் பக்கம் என்றே கணினி குழம்பும். அப்போது டிக் போட்டும் பயனில்லை, சின்ன ரவுட்டரின் வரிசையை 192.168.10 என்று மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.