முத்திரை 300, ஓட்டம் 450

கேள்வி: பிராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பதை ‘ஓவர்கிளாக்’ செய்வது என்கிறார்களே, அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது?

பதில்: அலுவலக மேசையில். 1984-ல் ஐபிஎம் ‘பிசி ஏடி’ என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் மதர்போர்டில் 12 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் இருந்தது. அந்தத் துடிப்பைப் பாதியாக்கி 6 மெகாஹெர்ட்ஸில் பிராசஸர் ஓடியது. 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை மாற்றிப் போட்டால் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று வாங்கியவர்கள் கண்டுகொண்டார்கள். தாளத்தின் காலத்தைக் கூட்டினால் ஆடுபவரின் காலும் விரைகிறது அல்லவா, அதே கணக்குதான். ஐபிஎம் விடவில்லை. பிறகு, கம்ப்யூட்டரைக் கிளப்பும் தொடக்க நிரலான பயாஸில் வேகத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்து, படிகம் மாறியிருந்தால் இயந்திரம் கிளம்பாதபடி செய்தது.

கேள்வி: அது கேம் விளையாடுகிறவர்கள் கைக்கு எப்படி வந்தது?

பதில்: அதற்கு ஒரு சிப்பைக் காரணமாகச் சொல்ல வேண்டுமானால், 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் ‘செலரான் 300ஏ’யைத்தான் சொல்வேன். மதர்போர்டிலிருந்து வரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை உள்ளே 4.5-ஆல் பெருக்கி, 300 மெகாஹெர்ட்ஸில் அது ஓடியது. பெருக்கும் எண்ணை இன்டெல் பூட்டிவைத்திருந்தது. ஆனால் வெளித்துடிப்பு மதர்போர்டின் கையில். அதை 100 ஆக்கினால் 100 × 4.5 = 450! அப்போது இன்டெல்லின் உயர்ந்த பென்டியம் 2-ன் வேகமும் 450-தான்; செலரானின் விலையோ அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு.

சில மதர்போர்டுகளில் 100-ஐ நாமே தேர்ந்தெடுக்க வழி கிடையாது. செலரானைத் தாங்கிய அட்டையின் பி21 என்ற முனைதான் ‘எனக்கு 66 போதும்’ என்று போர்டுக்குத் தகவல் சொல்லும். அந்த முனைமேல் துளி நெயில் பாலிஷ் தடவியோ, சிறு டேப் ஒட்டியோ அதன் வாயை அடைத்தார்கள். உடனே போர்டு 100-க்குத் தாவியது.

இது ஏன் பலித்தது? ஒரே வகைத் தயாரிப்பில் வரும் சிப்புகளைச் சோதித்துத் தரம் பிரித்து, வெவ்வேறு வேகம் குறித்து விற்பது வழக்கம். தயாரிப்பு நன்றாக அமைந்துவிட்டால், மேல்தரத்துக்குத் தகுதியான சிப்புகளும் சந்தைக்காகக் கீழ்முத்திரை குத்தப்பட்டு வெளியே போகும். முத்திரையிலிருந்த 300 அந்தச் சிப் எந்த விலைக்கு என்பதைச் சொன்னது. அதன் எல்லையைச் சொல்லவில்லை.

2000-ல் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் ‘அத்லான்’ பிராசஸரில் பென்சிலே கருவியானது. பெருக்கும் எண்ணைப் பூட்டுவதற்காக மேற்பரப்பில் அறுத்துவிடப்பட்ட நுண்ணிய இணைப்புகளின் மீது பென்சிலால் கோடு இழுத்தால் போதும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துமே, பூட்டு திறந்துகொண்டது.

கேள்வி: அப்படியானால் வேகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாமா?

பதில்: கூடாது. சிப் செலவழிக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்ட, மின்னழுத்தத்தை 10 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தால், 1.2 × 1.1 × 1.1 என்று சுமார் 45 சதவீதம் கூடுதல் வெப்பம். பெரிய ஹீட்சிங்க்கும் தண்ணீர் குளிர்விப்பும் கேமர்களின் பெட்டிக்குள் இடம்பிடித்தது இதனால்தான்.

கேள்வி: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடும் யோசனை யாருடையது?

பதில்: கேமர்களிடையே அதைப் பரப்பியது கலிஃபோர்னியாவின் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம். 1998-ல் அது வெளியிட்ட ‘வூடூ 2’ கார்டுகள் இரண்டை ஒரு பட்டை ஒயரால் இணைக்கலாம். திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும், இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரையும். கோலத்தை இருவர் பங்குபோட்டு இழுப்பது போல. தனிக் கார்டுக்கு 800 × 600 எல்லை. ஜோடிக்கு 1024 × 768. சாதாரணத் திரைக்காட்சிக்கு இன்னொரு கார்டும் தேவை என்பதால், பெட்டிக்குள் மொத்தம் மூன்று. ‘ஸ்கேன் லைன் இன்டர்லீவ்’, சுருக்கமாக எஸ்எல்ஐ, என்பது அதன் பெயர்.

3டிஎஃப்எக்ஸ் நொடித்தது, அதன் தொழில்நுட்பத்தைப் போட்டி நிறுவனமான என்விடியா வாங்கியது. 2004-ல் அதே மூன்றெழுத்தை, விரிவை மட்டும் மாற்றி மீட்டெடுத்தது. 2005-ல் இன்னொரு கிராபிக்ஸ் நிறுவனமான ஏடிஐயின் ‘கிராஸ்ஃபயர்’ போட்டிக்கு வந்தது.

கேள்வி: இப்போது இரட்டைக் கார்டு ஏன் அருகிவிட்டது?

பதில்: பிற்காலத்தில் வரிகளுக்குப் பதில் முழுப் படங்களையே மாற்றி மாற்றி வரையும் முறை பரவலானது. இரு கார்டுகளின் படங்களும் சீரான இடைவெளியில் வராவிட்டால் காட்சி திக்கும். புதிய கேம்களோ முந்தைய படத்தின் தகவலைக் கொண்டு அடுத்ததைச் செப்பமாக்குகின்றன. ஆக, இரண்டாவது கார்டு முதலாவதுக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டின் நினைவகத்திலும் ஒரே தகவலின் நகல் இருப்பதால் அதுவும் இரட்டிப்பதில்லை. 2022-ன் ஆர்டிஎக்ஸ் 4090-ல் இணைப்பு முனையே கிடையாது.

ஓவர்கிளாக்கிங் கதை வேறு. 2008-ல் இன்டெல், வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் இடமிருந்தால் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் ‘டர்போ பூஸ்ட்’டைப் பிராசஸருக்குள் வைத்தது. வாங்கியவர்கள் நெயில் பாலிஷாலும் பென்சிலாலும் வெளிக்கொண்டுவந்த மிச்ச வேகத்தை, இப்போது தயாரிப்பாளரே அளந்து பரிமாறுகிறார். தங்கள் பொருளைத் திறந்து பார்க்கத் துணிந்தவர்களின் கைவேலைக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் இல்லை.