நாலு சாக்கு, ஒரு பந்து, ஒன்பது பெண்கள்

உத்திரமேரூர் வட்டாரத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஓரத்து வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நாலைந்து பெண் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து அவர்கள் பக்கம் உருண்டு வந்தால் ஒருத்தி எடுத்து எறிவாள். அந்த எறியைக் கவனியுங்கள். பல நேரம் அது நேராக விக்கெட் கீப்பர் கைக்கே போய்ச் சேரும். அப்படி எறிகிற பிள்ளைக்கு ஆர்வத்தை யாரும் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை, ஆடுவதற்கு ஓர் இடம் கொடுத்தால் போதும்.

அந்த இடத்தை ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் கொடுக்கும் என்று நம்புகிறேன். பள்ளியில் பி.டி. டீச்சராக இருப்பவர், மகளை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற அம்மா அப்பா, பட்டம் முடித்துவிட்டு ஊரில் இருக்கும் அக்கா, இந்த மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கு சாஃப்ட்பால்? முதல் காரணம் இடம். ஒரு பேஸிலிருந்து, அதாவது ஓடித் தொட வேண்டிய இடத்திலிருந்து, அடுத்த பேஸுக்கு 60 அடி, அதாவது 18.29 மீட்டர். பந்து வீசும் இடத்திலிருந்து மட்டை பிடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட் வரை பெண்களுக்கு 43 அடி. முழு மைதானம் கிடைக்காவிட்டாலும் பள்ளி வளாகத்தின் ஒரு மூலையிலோ, அறுவடை முடிந்து காய்ந்த வயலிலோ, கோடையில் தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயிலோ பயிற்சியைத் தொடங்கிவிடலாம். இரண்டாவது நேரம். ஆட்டத்துக்கு ஏழு இன்னிங்ஸ்தான். இருட்டுவதற்குள் பிள்ளை வீட்டில் இருப்பாள். மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அணியில் ஒன்பது பேர், ஒன்பது பேருக்கும் ஒன்பது விதமான உடம்பு. குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பவள் இரண்டாவது பேஸுக்குப் பொருத்தம். வகுப்பில் குண்டு என்று கேலிக்கு ஆளான பிள்ளை, மட்டைக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் நல்ல கேட்ச்சர் ஆகலாம். கோகோ ஆடி ஓட்டம் பழகியவள் பேஸ் ஓட்டத்தில் எதிரணியைத் திணறடிப்பாள். வாலிபால், கூடைப்பந்து போல உயரத்தைப் பார்த்து ஆள் எடுக்கிற விளையாட்டு இல்லை இது.

பொருள் வாங்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1887-இல் சிகாகோவில் ஒரு படகு கிளப்பின் உள்ளரங்கில் இந்த விளையாட்டு பிறந்தபோது, சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டை கையுறைதான் பந்து, துடைப்பக் கட்டைதான் மட்டை. நீங்களும் நாலு உரச் சாக்கை மடித்து பேஸாகப் போட்டு, டென்னிஸ் பந்தோடு ஆரம்பிக்கலாம். ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தால் கேட்டு வாங்குங்கள். பந்தும் பயிற்சிப் பொருள்களும் அதிலிருந்து உதவும்.

முதல் மாதம்

பெரும்பாலான பயிற்சிகள் முதல் நாளிலேயே சறுக்குகின்றன. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஸ்ட்ரைக், பால், ஃபவுல் என்று விதியை ஒப்பிக்கிறார்கள். மறுநாள் பாதிப் பேர் வருவதில்லை. விதி பிறகு வரட்டும். முதல் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் பந்தை ஒரு முறையாவது பலமாக அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பைப்பை நட்டு, அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மட்டையில் பந்து பட்டு எழும் சத்தம் ஒன்றே அவளை மறுநாள் கூட்டி வந்துவிடும்.

அடுத்தது எறிதலும் பிடித்தலும். கையுறை வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். வலது கையால் எறிகிற பிள்ளைக்குக் கையுறை இடது கையில். கடையில் வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமா என்று தெளிவாகச் சொல்லி வாங்காவிட்டால் காசு வீண். போட்டிப் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 180-லிருந்து 200 கிராம். பெயர்தான் சாஃப்ட், பந்து மெத்தென்று இருக்காது. பத்து வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் விரல் வலித்து பயந்துவிடுவாள். சின்னவர்களுக்கு 11 அங்குலப் பந்து கிடைக்கிறது. அதுவும் டென்னிஸ் பந்து நன்றாகப் பழகிய பிறகு போதும். ஹெல்மெட்டும் கேட்ச்சருக்கான முகக் கவசம், மார்புக் கவசம், கால் காப்பும் இல்லாமல் வேகப் பந்து வேண்டவே வேண்டாம். முதலில் சேரும் பணத்தில் மட்டைக்கு முன்னால் இவற்றை வாங்குங்கள்.

யாரை எங்கே நிறுத்துவது? விட்டுவிட்டால் குரல் பெரிதாக உள்ளவள்தான் தினமும் பந்து வீசுவாள், கூச்சப்படுகிறவள் தினமும் கடைசி மூலையில் நிற்பாள். உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இருக்கிறதே, முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. அதையே மைதானத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒன்பது இடத்தின் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு குடத்தில் போட்டு, பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இப்படிச் சுழன்றால், யாருக்கு எந்த இடம் கைவருகிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஒருத்திக்கு ஓர் இடம் தன்னுடையது என்று ஆகிவிட்டால், அவள் ஒரு நாள் வராவிட்டால்கூட கூட இருப்பவர்கள் வீடு தேடிப் போய்விடுவார்கள்.

பிட்ச்சர்

ஃபாஸ்ட்பிட்சின் உயிர் பந்து வீச்சில் இருக்கிறது. கை தோளைச் சுற்றி ஒரு முழு வட்டம் போட்டு, கீழே இடுப்பருகில் வரும்போது மணிக்கட்டைச் சொடுக்கிப் பந்தை விட வேண்டும். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டிய வள்ளியின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சுழற்சியில் சேர்ந்த வேகத்தைச் சரியான நொடியில் விடுவிப்பதுதான் கவணிலும் சூட்சுமம், இங்கேயும் சூட்சுமம். நன்றாகத் தேர்ந்தவர்கள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறார்கள். 43 அடி தூரத்தில் அந்தப் பந்து மட்டைக்கு வந்து சேர அரை வினாடிகூட ஆகாது.

பழக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். முதலில் மணிக்கட்டுச் சொடுக்கு மட்டும், சுவரைப் பார்த்து ஐந்தடி தூரத்தில். பிறகு அரை வட்டம், அதன் பிறகு முழு வட்டம், கடைசியில் காலை எட்டி வைத்து வீசுவது. இதற்கு மூன்று மாதம் ஆனாலும் ஆகட்டும். கீழ்க்கை வீச்சு என்பதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வளரும் பிள்ளைக்கு வீச்சு எண்ணிக்கையை எழுதி வையுங்கள், வாரத்தில் இரண்டு நாளாவது கைக்கு ஓய்வு கொடுங்கள், வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்துங்கள். குறைந்தது மூன்று பிட்ச்சர்களைத் தயார் செய்துவிட்டால், ஒருத்தி தோளிலேயே முழு பாரமும் விழாது.

வீட்டுக்கு வெளியே நின்று பேசாதீர்கள்

ஏழாம் வகுப்பு வரை சிக்கல் இல்லை. பிள்ளை வயதுக்கு வந்ததும் மைதானத்தில் ஓர் இடம் காலியாகிவிடுகிறது. ஆர்வம் போய்விட்டது என்று பயிற்சியாளர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில், வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். "யாரு மிஸ் கூட்டினு போய் கூட்டினு வருவாங்க?" "எத்தினி மணிக்கு வூட்டுக்கு வரும்?" "அரை டவுசர் போடணுமா?" கடைசியாக, அப்பா கேட்பது: "இத்த ஆடி இன்னா ஆவப் போது?"

பதிலோடு போங்கள். வீட்டு வாசலில் நிற்காமல் உள்ளே போய், அம்மாவோடு உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். காலை ஆறு முதல் ஏழரை வரை பயிற்சி, பிறகு நேராகப் பள்ளி என்றால் இருட்டு பயம் இல்லை, பையன்களோடு மைதானத்துக்காக மல்லுக்கட்டும் வேலையும் இல்லை. ஒரே தெருப் பிள்ளைகள் கூட்டாக வரட்டும். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூட ஒரு டீச்சரும் ஓர் அம்மாவும் கட்டாயம், அந்த அம்மாவின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். தரையில் சறுக்கி பேஸைத் தொடுகிற ஆட்டம் என்பதால் உலக அளவில் ஆடும் பெண்களே பெரும்பாலும் காலை மூடுகிற பேன்ட் போட்டுத்தான் ஆடுகிறார்கள். பள்ளி டிராக் பேன்டும் டீ-ஷர்ட்டும் போதும். மாதவிடாய் நாளில் ஆடுவதா, உட்காருவதா என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பள்ளிக் கழிப்பறை காலை ஆறு மணிக்குத் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும். இதைத் தலைமையாசிரியரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்பாவின் கேள்வி

இதற்கு இனிப்புத் தடவிப் பேசக் கூடாது. சாஃப்ட்பாலில் கிரிக்கெட் போலப் பணம் கொட்டாது. 2023-இல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக் போல ஏலமும் கோடியும் இங்கே இல்லை. இருப்பது வேறு: கல்லூரி வாசலையும் அரசு வேலை வாசலையும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கும் ஒரு சான்றிதழ்.

மத்திய அரசு, தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களை நேரடியாக குரூப் சி பணிகளில் எடுக்க வகுத்திருக்கும் விளையாட்டுப் பட்டியலில் சாஃப்ட்பாலும் உண்டு. உச்ச வயதில் ஐந்து ஆண்டு வரை தளர்வும் கிடைக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பத்து ஆண்டு. எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மாவட்டப் போட்டியில் வென்ற கோப்பை அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது. மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியது, பல்கலைக்கழகத்துக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியது, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியது, இவைதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியும் வேறு. போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். ஐந்து வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் தனி இடங்கள் உண்டு. இவற்றுக்கான விளையாட்டுப் பட்டியலும் விதியும் தனித்தனி. காஞ்சிபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், அந்த ஆண்டுப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பள்ளித் தகவல் பலகையில் ஒட்டுங்கள்.

ஆறாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா? நம் ஊரில் இனிஷியல்தான் பெரிய வம்பு. ஒன்றில் பெயருக்கு முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. பள்ளி விளையாட்டு முழுக்க 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் நடப்பதால், தேதி ஒரு நாள் மாறினாலும் அணியிலிருந்து பெயர் போய்விடும். திறமையோடு வந்த பிள்ளை காகிதத்தால் வீடு திரும்பக் கூடாது.

சாஃப்ட்பாலை ஒட்டி வேறு வேலைகளும் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து, பட்டப் படிப்போடு உடற்கல்விப் பக்கம் போகலாம். 1920-இல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி சென்னையில். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இன்னும் பக்கம், செங்கல்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டத்தில் சுமாராக இருக்கும் பிள்ளைக்கும் வழி உண்டு. ஸ்கோர் எழுதப் பழகினால், பிறகு அம்பயர் தேர்வு எழுதலாம்.

காலையில் நம் ஊர்களில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பெண்களைப் பார்க்கிறோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஷிப்டுக்குப் போகிறவர்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜப்பானின் யூகிகோ உவேனோ நினைவுக்கு வருவார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கித் தந்தவர். பதின்மூன்று ஆண்டு கழித்து, 39 வயதில், டோக்கியோவிலும் தங்கம். அவரை வளர்த்தவை கம்பெனி அணிகள், முதலில் ஹிட்டாச்சி, பின்னாளில் பிக் கேமரா. டொயோட்டா, ஹோண்டா, டென்சோ என்று ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் பெண்கள் சாஃப்ட்பால் அணியை நடத்துகின்றன, அவை மோதும் லீக்கே தனியாக இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில், ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பத்துக் கையுறையும் இரண்டு கேட்ச்சர் கவசமும் கேட்பது அதிகம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு பெயரில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், பிள்ளைகள் ஆடும் படம் ஒன்றையும் இணைத்து.

ஊராட்சித் தலைவராக இருக்கும் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் இன்று பெண்களுக்கு. காலை ஒன்றரை மணி நேரம் ஊர் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு என்று கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுக் கொடுங்கள். பிறகு அந்த நேரத்தில் யாரும் அவர்களை ஓரத்துக்கு அனுப்ப முடியாது.

2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருகிறது. டிவியில் பார்த்துவிட்டு "மிஸ், நானும் ஆடட்டுமா?" என்று ஒரு பிள்ளை அன்றைக்கு வந்து கேட்பாள். அவளுக்காக அதுவரை காத்திருக்காதீர்கள். வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, டேப் எடுத்து அறுபது அடி அளந்து, நாலு சாக்கைப் போடுங்கள். முந்தின நாள் சாயங்காலமே வேப்பமரத்தடிக்குப் போய், பந்தை எடுத்து எறிந்த அந்தப் பெண்ணை வரச் சொல்லிவிடுங்கள்.