பெயரும் ஒரு சொத்தே
அடையாளச் சான்றுகளையும் கடன் நாணயத்தையும் காத்தல்

நிலப் பத்திரத்தைப் பாதுகாப்பதில் நம் விவசாயி எவருக்கும் இளைத்தவரல்லர். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக் கொள்ளும் வழக்கம் இன்னும் மறையவில்லை. வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதன் கேட்டையும் அவர் நன்கறிவார். எழுதாத புரோநோட்டில் ரேகை வைத்துவிட்டு, பின்னர் அதில் எவரோ எழுதிக் கொண்ட தொகைக்காகக் காணியை இழந்த குடும்பங்களின் கதை ஊர்தோறும் உண்டு.

ஆனால் அதே விவசாயி ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்து விடுகிறார். ஏன் கேட்கிறார்கள் என்று வினவுவதில்லை. யாரிடம் கொடுத்தோம் என்று குறித்து வைப்பதுமில்லை. இயந்திரத்தில் விரலை வை என்றால் வைக்கிறார். கைப்பேசியில் வந்த எண்ணைச் சொல் என்றால் சொல்கிறார். அடையாளச் சான்றின் நகல், விரல் ரேகை, ஓடிபி எண் ஆகிய மூன்றும் ஒருவன் கையில் ஒன்று சேருமானால், அது கைநாட்டு வைத்த வெற்றுப் பத்திரமேயாகும். இதனை உணர்த்துவதே இப்பாடத்தின் நோக்கம்.

பெயர்க் களவு என்பது யாது?

வீட்டில் புகுந்து பொருளை எடுத்துச் செல்பவன் பழைய திருடன். நம் பெயரை எடுத்துச் சென்று, அப்பெயரால் பிறரிடம் பொருள் பெறுபவன் புதிய திருடன். அவன் நம் பெயரில் சிம் அட்டை வாங்குவான், கடன் பெறுவான், வங்கிக் கணக்குத் தொடங்கிப் பிறரை ஏமாற்றிய பணத்தை அதில் வாங்கிக் கொள்வான். பொருள் திருடு போனால் மறுநாளே தெரியும். பெயர் திருடு போனாலோ, கடன் கேட்டு ஆள் வரும்போதுதான் தெரியும்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இதனைத் தனிக் குற்றமாக வகுத்துள்ளது. பிறருடைய மின்னணுக் கையொப்பம், கடவுச்சொல் போன்ற அடையாளங்களை மோசடியாகப் பயன்படுத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். போன பருவத்தை அது மீட்டுத் தராது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

நமது வட்டாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் கறவை மாடு வாங்க வங்கிக் கடனுக்கு மனுச் செய்தார். கொட்டகை போட்டாயிற்று, தீவனப் புல்லும் நட்டாயிற்று. வங்கியோ கடன் இல்லையென்றது. வெளியூர் நிதி நிறுவனம் ஒன்றில் அவர் பெயரில் இருசக்கர வாகனக் கடன் இருப்பதாகவும், எட்டுத் தவணைகள் தவறியிருப்பதாகவும் காரணம் கூறப்பட்டது. அவருக்கோ மிதிவண்டியைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது.

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் வாரச் சந்தையில் குடை விரித்து அமர்ந்திருந்த ஒருவரிடம் அவர் இலவச சிம் அட்டை வாங்கியிருந்தார். ஆதார் நகல் இரண்டு கொடுத்தார். "ரேகை சரியாக விழவில்லை" என்று சொல்லி மூன்று முறை விரல் வைக்கச் சொன்னார்களாம். இது ஒன்றே அவருடைய நினைவில் இருந்தது.

அவர் முதலில் நமது அலுவலகத்துக்குத்தான் வந்தார். நாம் அவரை வங்கிக்கு அனுப்பினோம். வங்கி காவல் நிலையத்துக்கு அனுப்பிற்று. அங்கே நிதி நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். வழி தெரிந்தவர் ஒருவருமில்லை. நமக்கும் அன்று தெரியாது என்பதை ஒப்புக் கொள்கிறோம். அவர் பெயர் துலங்க ஐந்து மாதங்களாயின. அதற்குள் வளர்ந்த புல்லைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டு, நூற்றுக்கு மூன்று வட்டியில் கைமாற்று வாங்கி ஒரே ஒரு மாடு பிடித்தார். அந்த ஐந்து மாதம் இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே நாம் இவ்வழிகளைக் கேட்டறிந்து எழுதுகிறோம்.

2020-ஆம் ஆண்டு தந்த பாடம்

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில் 2020-ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் நிகழ்ந்த முறைகேடு பலருக்கும் நினைவிருக்கும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய மாவட்டங்களில் தொடங்கிய விசாரணையில், தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டிருந்ததும், ஏறத்தாழ 110 கோடி ரூபாய் தவறாகச் சென்றிருந்ததும் வெளியாயின. கொரோனா உதவித் தொகை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் ஆதார், கணக்குப் புத்தக நகல்களைத் தரகர்கள் பெற்றிருந்தனர். பின்னர் அத்தொகை அவர்களுடைய கணக்குகளிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அரசைத் தாம் ஏமாற்றியதாக அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. அலுவலர்களுக்கு உரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குச் சென்றதால்தான் அம்முறைகேடு அவ்வளவு பெரிதாயிற்று. ஆதலின் எச்சரிக்கை மக்களுக்கு மட்டும் உரியதன்று. நமது அலுவலகங்களுக்கும் உரியது.

விரல் ரேகையும் களவு போகும்

விரல் நம்மிடமே இருக்கும்போது ரேகையை யார் திருட முடியும் என்று கேட்கலாம். 2018-இல் தெலங்கானாவில் பதிவு செய்யப்பட்ட நிலப் பத்திரங்களிலிருந்த ரேகைகளை நகலெடுத்து, அவற்றைப் போன்ற போலி ரேகைகள் செய்து, ஏராளமான சிம் அட்டைகளை இயக்கிய ஒருவரைக் காவல் துறையினர் பிடித்தனர்.

கிராமங்களில் வங்கித் தொடர்பாளர் வைத்திருக்கும் சிறு இயந்திரத்தில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் பணம் எடுக்கலாம். ஓடிபி தேவையில்லை. முதியோருக்கு இது பெரிய வசதியே. ஆயினும் இதில் விரல் வைப்பது காசோலையில் கையெழுத்திடுவதற்குச் சமம். ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் ரசீது கேட்க வேண்டும். "ரேகை விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொன்னால், முதல் முறை பணம் எடுக்கப்படவில்லை என்பதற்கான சீட்டைப் பார்த்த பின்னரே மறுபடி விரல் வைக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் செய்ய வேண்டுவன

1. நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது என்பதை மையால் எழுதிக் கையொப்பமிடுக. "கறவை மாட்டுக் கடன் மனுவுக்கு மட்டும்" என்று எழுதிய நகலைக் கொண்டு வண்டிக் கடன் வாங்குவது எளிதன்று. எழுத்து, படத்தின் மேலும் எண்ணின் மேலும் சற்றே படுமாறு இருக்க வேண்டும்.

2. ஆதாரின் 12 இலக்கங்களும் எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை. முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்டு, கடைசி 4 மட்டும் தெரியும் ஆதாரை ஆணையத்தின் இணையதளத்தில் பெறலாம். அடையாளம் காட்டினாலே போதுமான இடங்களில் இதனைக் கொடுக்கலாம்.

3. ஜெராக்ஸ் கடையிலும் கணினி மையத்திலும் நம் சான்றுகளின் பிரதி கணினியில் தங்கிவிடாதபடி அழிக்கச் சொல்லுக. சரியாக விழாத நகலைக் கிழித்துக் கையோடு எடுத்து வருக.

4. எம்-ஆதார் செயலி மூலம் ரேகையைப் பூட்டி வைக்கலாம். பூட்டியிருக்கும் வரை அதைக் கொண்டு எவரும் பணம் எடுக்க இயலாது. ஆனால் நியாயவிலைக் கடையிலும் ரேகை ஏற்கப்படாது. அங்குச் செல்லுமுன் திறந்து, பின்பு பூட்ட வேண்டும். இதற்கு ஆதாருடன் நம்முடைய சொந்தக் கைப்பேசி எண் இணைந்திருத்தல் அவசியம். ஐயம் நேரின் 1947 என்ற எண்ணில் கேட்கலாம். நாடு விடுதலை பெற்ற ஆண்டே அந்த எண், மறக்க இயலாது.

5. ஒருவர் பெயரில் எத்தனை கைப்பேசி எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நாம் வாங்காத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்து நிறுத்தலாம்.

6. வங்கியோ, அரசு அலுவலகமோ தொலைபேசியில் ஓடிபி கேட்பதில்லை. கேட்பவர் நம் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னாலும் நம்பலாகாது.

7. "உன் கணக்கைச் சில நாள் கொடு, பணம் தருகிறேன்" என்பவரிடம் இளைஞர்கள் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கொடுப்பது கேட்டில் முடியும். அக்கணக்கில் திருட்டுப் பணம் வந்தால், முதலில் தேடப்படுபவர் கணக்குக்கு உரியவரே.

கடன் வரலாற்றைப் படித்தறிதல்

முன்பெல்லாம் ஒருவரின் நாணயத்தை ஊரார் வாய்ச்சொல் கூறிற்று. இன்று அதனைக் கடன் தகவல் நிறுவனங்கள் கூறுகின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிபில் முதலிய நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. எந்த வங்கியில், எந்த நிறுவனத்தில், எவ்வளவு கடன், தவணை ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்னும் விவரங்கள் அவற்றின் அறிக்கையில் இருக்கும். 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண்ணும் இருக்கும்.

ஆண்டுக்கு ஒரு முறை இம்முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல், தை மாதத்தில் இதனையும் ஒரு வழக்கமாகக் கொள்ளலாம். வீட்டில் படித்த பிள்ளையை உடன் வைத்துக் கொண்டு இரண்டு பகுதிகளைப் பார்த்தால் போதும். முதலாவது, நாம் வாங்காத கடன் ஏதேனும் உள்ளதா? இரண்டாவது, நாம் மனுச் செய்யாத நிறுவனம் எதுவும் நம் கணக்கை விசாரித்துள்ளதா? இரண்டாவதே முன்னெச்சரிக்கை, திருடன் கதவைத் தட்டிப் பார்த்த சுவடு அது.

தவறு இருந்தால் அந்நிறுவனத்திடமும், கடன் கொடுத்ததாகக் கூறும் நிறுவனத்திடமும் முறையிட வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. மேலே கூறிய விவசாயி இதனை அறிந்திருந்தால் ஐந்து மாதம் அலைந்திருக்க மாட்டார்.

களவு நேர்ந்துவிட்டால்

பணம் போயிருந்தால் அந்த நாழிகையிலேயே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிப் போகுமுன் இடையில் நிறுத்த வழியுண்டு. தாமதமாகும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே துணை. பிறகு வங்கிக் கிளையில் எழுத்து மூலம் முறையிட்டு, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு பெறுக. நம் தவறும் வங்கியின் தவறும் இன்றி வெளியாரால் நேர்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அது வாடிக்கையாளரைச் சாராது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு நம்மையே சாரும் என்பதும் அவ்விதியில் உண்டு. வங்கி 30 நாட்களில் பதில் தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் அறிய 14448 என்ற எண் உள்ளது.

கடன் மோசடியாயின் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுக. "இக்கடன் என்னுடையதன்று, நான் கையொப்பமிட்ட பத்திரத்தைக் காட்டுக" என்று நிதி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுக. வசூலுக்கு வருவோரிடம் அஞ்சி ஒரு தவணை கட்டினாலும், கடனை ஒப்புக் கொண்டதாகக் காட்ட அது இடம் தரும்.

ஊராட்சியின் கடமை

திட்டங்களுக்கு மனு வாங்கும்போது நமது அலுவலகங்களில் நகல்கள் மலைபோல் குவிகின்றன. அவற்றை மேசைமேல் பரப்பி வைப்பதும், வேலை முடிந்தபின் பழைய தாள் கடைக்கு எடை போடுவதும் கூடாது. படமும் எண்ணும் உள்ள மனுத்தாளில் கடலை மடித்துக் கொடுக்கப்பட்டதை நாம் பேருந்து நிலையத்தில் கண்டிருக்கிறோம். தேவை முடிந்த நகல்களைப் பதிவேட்டில் குறித்துவிட்டு எரிக்கவோ, துண்டாக்கவோ வேண்டும்.

பயனாளிகள் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது நல்ல வழக்கம். ஆனால் அதில் முழு ஆதார் எண் இருத்தலாகாது. ஆதார் சட்டமே அதனைத் தடை செய்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நகல்களை அனுப்பச் சொல்லும் பழக்கத்தையும் உறுப்பினர்கள் கைவிட வேண்டும். ஊருக்குள் முகாம் போட்டுச் சான்றுகள் கேட்போர் எவராயினும், அவருடைய அனுமதிக் கடிதத்தை ஊராட்சி அலுவலகம் பார்த்தறிதல் நன்று. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில், ஒரு முறையேனும் பதினைந்து நிமிடம் இதற்கென ஒதுக்கி, 1930 என்ற எண்ணை எல்லோரும் மனப்பாடம் செய்யுமாறு சொல்லலாம்.

நல்ல பெயர் ஒரு தலைமுறையின் உழைப்பில் சேர்வது. அது நிலத்தைப் போல் வேலி கட்டிக் காக்க வேண்டிய சொத்து. அந்த வேலிக்குப் பெருஞ்செலவில்லை; நகலின் குறுக்கே எழுதும் ஒரு வரியும், விரல் வைக்குமுன் கேட்கும் ஒரு கேள்வியுமே போதும். அடுத்த முறை எவரேனும் நகல் கேட்டால், நம் விவசாயப் பெருமக்கள் பேனாவை எடுத்துக் கொண்டு, "எதற்காக?" என்று கேட்பார்களாக.