லிங்கனும் டேவிஸும் இடம் மாறியிருந்தால்...?



‘இப்படி நடந்திருந்தால்?’ என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதில் ஒரு சுவை உண்டு. நானும் ஒன்று கேட்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடக்குக்குத் தலைவர் ஆபிரகாம் லிங்கன். தெற்குக்குத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ். லிங்கன் அடிமை முறையை வெறுத்தவர். டேவிஸோ அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணையார். இந்த இருவரின் கொள்கையும் தலைகீழாக இருந்திருந்தால், அடிமைகளாக இருந்த சுமார் 40 லட்சம் பேரின் கதி என்னவாகியிருக்கும்?

நாற்காலியா, ஆளா?

‘விடுதலையே கிடைத்திருக்காது’ என்று சட்டென்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அடிமை முறையை வெறுக்கும் டேவிஸைத் தெற்கத்திப் பண்ணையார்கள் தலைவராக்கியிருப்பார்களா? வேறு ஆளைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். அடிமை முறை பரவக் கூடாது என்ற கட்சி, அதை ஆதரிக்கும் லிங்கனை 1860-ல் வேட்பாளராக நிறுத்தியிருக்குமா? நாற்காலிதான் தனக்கேற்ற ஆளைத் தேடிக்கொள்கிறது.

நிஜத்திலும் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1861-ல் பதவியேற்றபோது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிட மாட்டேன் என்றார் லிங்கன். போர் நீண்டது. அடிமைகள் பண்ணைகளை விட்டுத் தப்பி வடக்குப் படையிடம் வந்து சேர்ந்தார்கள். 1863 ஜனவரி 1-ல், எதிர்த்து நின்ற மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அதே லிங்கன் அறிவித்தார். கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். தெற்கில் ஆள் பஞ்சம். 1865 மார்ச்சில், கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்கும் சட்டத்தில் டேவிஸே கையெழுத்துப் போட்டார்! நெருக்கடி இருவரையுமே நகர்த்தியது.

நம்ம நாட்டுக் கதை

அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம நாட்டில் அடிமை இல்லையா? சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் வந்து காட்டிய ஓலையைப் பெரியபுராணத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்கு ‘ஆளோலை’ என்றே பெயர். சொல் இருக்கிறதென்றால் வழக்கமும் இருந்தது.

1833-ல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. எஜமானர்களுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடும் கொடுத்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி விட்டார்கள். நமக்கு 1843 ஏப்ரல் 7-ல்தான் 5-ஆம் சட்டம் வந்தது. அப்போது கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ பிரபு. அவரும் போர்க்காலத் தலைவர்தான். சிந்து நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? வரி பாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்கக் கூடாது. ‘இவன் என் அடிமை’ என்று உரிமை கேட்டால் கோர்ட் ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவன் உழைத்துச் சேர்த்ததைப் பறிக்கக் கூடாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். நல்லதுதான். ஆனால் நிலம் உண்டா? கூலி உண்டா? கடன் என்ன ஆகும்? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எல்லன்பரோவின் மனம் நேர்மாறாக இருந்திருந்தால்? சட்டம் சில வருஷம் தள்ளிப் போயிருக்கலாம். அடிமை முறையை ஒழிக்க வழி செய்யும்படி 1833-லேயே லண்டன் பார்லிமெண்ட் உத்தரவிட்டு விட்டது. ஆனால் யார் மனம் எப்படி இருந்தாலும் கடன் அப்படியே இருந்தது. ஓலையின் இடத்தைக் கடன் சீட்டு பிடித்துக்கொண்டது. நம்ம பக்கத்திலிருந்து மண்டபம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைக் கேட்டால் ‘துண்டு’ என்பார்கள். தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் அவர் அங்கே மாற முடியும். 1921-ல்தான் அந்த முறை ஒழிந்தது.

மோட்டார் சொல்லும் பாடம்

எலக்ட்ரிகல் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். கிரைண்டரில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பழைய திசையிலேதான் சுற்றும்! திசை திரும்ப வேண்டுமென்றால் உள்ளே ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரு முனைகளை மாற்ற வேண்டும். தலைவர்களை இடம் மாற்றுவது வெளி வயரை மாற்றுவது. கடன், நிலம், கூலி – இவைதான் உள் வயர்.

அந்த உள் வயரில் கை வைத்த சட்டம் 1975 அக்டோபரில், நெருக்கடி நிலைக் காலத்தில், அவசரச் சட்டமாக வந்தது. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமானது. கொத்தடிமைக் கடன் எல்லாம் ரத்து. மீறி வேலை வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை.

எங்க ஐயா (அப்பாவின் அப்பா) ஒரு பெரிய வீட்டில் படியாள். தங்கச்சி கல்யாணத்துக்கு 1972-ல் வாங்கிய கடனுக்கு ரேகை வைத்தவர். “கேட்டா பத்திரத்தைக் காமிப்பாக. அதுல என்ன இருக்குன்னு நமக்கென்ன தெரியும்? 91 வரைக்கும் உழைச்சே கழிச்சோம்” என்பார் அப்பத்தா. கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் ரத்து செய்த கடனுக்கு 16 வருஷம்! டில்லியில் போட்ட சட்டத்தை எங்க தெருவில் வாசித்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஆகவே நண்பர்களே, லிங்கன் மாறியிருந்தால் என்ற கேள்வியை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு கேள்வி. 1975-ல் எங்க வீட்டில் படித்தவர் ஒருவர் இருந்திருந்தால்? இதற்கு விடை எனக்குத் தெரியும்: ஐயாவுக்கு 16 வருஷம் மிச்சமாகியிருக்கும்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இந்த மலரைப் புரட்டும் பலரும் அப்படித்தான். டிப்ளமோ கையில் வருவதற்கு முன்பே ஒரு வேலை நமக்குக் காத்திருக்கிறது. நம் தெருவில் யாராவது ரேகை வைக்கப் போனால், அந்தக் காகிதத்தை முதலில் வாங்கி, சத்தமாக வாசித்துக் காட்டுவோம்!