முதல் இணைய வணிகம்: எதை விற்பது?

1994ஆம் ஆண்டு, இணையத்தின் வழியே ஒரு கடை தொடங்க எண்ணிய ஜெஃப் பெசோஸ், விற்கத்தக்க இருபது வகைப் பொருள்களைப் பட்டியலிட்டு ஆராய்ந்தார். இறுதியில் அவர் தேர்ந்தெடுத்தது நூல்களை. அவ்வாறு 1995 ஜூலையில் அமேசான் விற்பனையைத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல், பெங்களூருவில் தொடங்கப்பட்ட ஃபிளிப்கார்ட்டும் நூல்களையே முதலில் விற்றது. நூல் கெட்டுப்போவதில்லை, உடைவதில்லை, அளவு சரியில்லை என்று எவரும் திருப்பி அனுப்புவதில்லை. சென்னையில் வாங்கும் படியும் சிம்லாவில் வாங்கும் படியும் ஒன்றே. அச்சில் உள்ள தலைப்புகள் அனைத்தையும் எந்தத் தெருக்கடையும் அடுக்கி வைக்க இயலாது. பொருளின் இந்த இயல்புகளே அத்தேர்வைச் சரியாக்கின.

இன்று வீட்டிலிருந்தே இணைய வணிகம் தொடங்க விரும்புவோர் பலர். அவர்களில் சிலர் ஓய்வுக்காலத் தொகையையோ, நகையை ஈடு வைத்துப் பெற்ற பணத்தையோ முதலாக இடுகின்றனர். ஆதலால் எதை விற்பது என்னும் முதல் முடிவு குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் முடிவாகிறது. பெரும்பாலோர் இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். தமக்கு மிகவும் பிடித்ததை விற்க முனைவது ஒன்று. சந்தையில் மிகுதியாக விற்பதை விற்க முனைவது மற்றொன்று. இரண்டாவது வழியில் இடர் கூடுதல். கைப்பேசி உறையை ஆயிரக்கணக்கானோர் விற்கும்போது வாங்குபவர் பார்ப்பது விலையை மட்டுமே. விலைப் போட்டியில் புதியவரால் நிலைத்து நிற்க இயலாது. எனினும், பிடித்த துறையைத் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலைதான். அந்தத் துறைக்குள் எந்தப் பொருள் என்பதே மீதி.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஜெய்ப்பூரை அடுத்த சாங்கனேர், பக்ரு ஆகிய ஊர்கள் மர அச்சுத் துணிக்குப் பெயர் பெற்றவை. அத்துணியை நன்கறிந்த ஒருவர் அதைக் கொண்டு இணைய வணிகம் தொடங்க விரும்புகிறார். குர்தா தைக்கலாம், பஞ்சு அடைத்த குஷன் செய்யலாம், குஷன் உறை மட்டும் தைக்கலாம். துணி ஒன்றே, ஆனால் இவை மூன்றும் மூன்று வேறு தொழில்கள்.

குர்தாவின் விலை 900 ரூபாய் எனக் கொள்வோம். துணியும் தையலும் 450, பொதி கட்ட 20, அனுப்ப 80, இணையத்தளத்தின் கமிஷன் முதலியன 150. மீதம் 200 ரூபாய். ஐந்து உறைகள் கொண்ட தொகுதியின் விலை 700 ரூபாய். அடக்கம் 350, பொதி 15, அனுப்ப 65, கமிஷன் 110. மீதம் 160 ரூபாய். இந்த அளவில் பார்ப்பவர் குர்தாவையே தேர்ந்தெடுப்பார்.

குர்தாவுக்கு உடலளவு உண்டு என்பதை இக்கணக்கு மறந்துவிட்டது. தோள் இறுக்கம், கை நீளம் என்று பத்தில் மூன்று திரும்பி வருவதாக வைத்துக்கொள்வோம். கமிஷன் திரும்பக் கிடைத்தாலும் பொதிச்செலவு 20, அனுப்பிய செலவு 80, திரும்பி வந்த செலவு 90, ஆக 190 ரூபாய் ஒவ்வொன்றிலும் போகும். ஏழு குர்தாக்களில் ஈட்டிய 1,400 ரூபாயில் 570 கழிய, எஞ்சுவது 830. உறை பத்தில் ஒன்று மட்டும் திரும்பினால், ஒன்பதில் ஈட்டிய 1,440 ரூபாயில் 155 கழிய, 1,285 எஞ்சும். தொகைகள் ஊருக்கு ஊர், தளத்துக்குத் தளம் மாறும். கணக்கிடும் முறை மாறாது. பொருளைப் பெறும்போது பணம் தருவதாக ஆணையிட்டுவிட்டு, வாசலில் வேண்டாம் என்று சொல்பவர்களையும் இக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

பஞ்சு அடைத்த குஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கூரியர் நிறுவனங்கள் உண்மை எடையோடு பொதியின் பருமனையும் கணக்கிட்டு, இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் பெறுகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான வழக்கம். 40, 40, 15 சென்டிமீட்டர் கொண்ட பொதி அரைக்கிலோ எடையே இருந்தாலும் 4.8 கிலோவுக்கான கட்டணத்தைப் பெறும். காற்றை அனுப்பக் கட்டணம் செலுத்துவதை ஒத்தது இது.

பொருள் முடிவானபின் அதில் நமக்கு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவில்லாத நல்ல வழி, அதே பொருளை விற்கும் பிறரின் பக்கங்களில் வாங்கியோர் எழுதியுள்ள கருத்துகளைப் படிப்பது. ஐந்து விண்மீன் தந்தவர் புகழ்ந்துவிட்டுப் போவார். ஒன்று தந்தவர் பெரும்பாலும் கோபத்தில் எழுதுவார். மூன்று தந்தவரே குறையைப் பொறுமையாக விளக்குவார். முதல் சலவையிலேயே சாயம் போயிற்று, ஜிப் பழுதாயிற்று, 16 அங்குலம் என்றது 15தான் இருந்தது என்பன போன்ற குறைகள் மீண்டும் மீண்டும் வருமானால், அங்கே புதியவருக்கு இடம் இருக்கிறது. அதே குறையை நம்மால் தீர்க்க முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியாதெனில் வேறு பொருளைத் தேடுவதே நன்று.

சில பொருள்கள் எளியவை போலத் தோன்றினாலும் சட்டத்தின் வாயில் ஒன்றைக் கடந்தே சந்தைக்கு வர வேண்டும். வீட்டில் காய்ச்சும் குளியல் சோப்பும் அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதால், அதைத் தயாரித்து விற்க உரிமம் தேவை. ஊறுகாய், பலகாரம் விற்போர் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ உரிமமோ பெற வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தரமுத்திரை கட்டாயம். கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. ஜிஎஸ்டியில், ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருந்து, தம் மாநிலத்துக்குள் மட்டும் இணையத்தளம் வழியே பொருள் விற்போர் 2023 அக்டோபர் 1 முதல் சில நிபந்தனைகளுடன் பதிவின்றியே விற்கலாம். வெளிமாநிலங்களுக்கு அனுப்புவதாயின் பொதுவாகப் பதிவு வேண்டும். இவற்றால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சரக்கு வாங்கியபின் அறிவதைவிட வாங்குமுன் அறிவது மலிவு.

முதல் சோதனைக்கு இருபது தொகுதிகள் போதும். இருநூறு வாங்கினால் அடக்கவிலை குறையும் என்று மொத்த வியாபாரி சொல்வார், அது உண்மையே. ஆனால் விற்காத நூற்றெண்பது தொகுதிகள் அலமாரியில் முடங்கும்போது அந்தக் குறைவால் பயனில்லை. இருபதும் விற்று, உறை வாங்கியவரே திண்டு உறை கிடைக்குமா என்று கேட்கத் தொடங்கினால், இரண்டாவது பொருள் எது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

முதல் சோதனையைக் கடன் வாங்காமல், இழந்தாலும் குடும்பச்செலவு தடைபடாத தொகையில் செய்வதே முறை என்பது நம் கருத்து. கடன் தரும் வங்கியே இவ்வாறு சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தொழிலுக்கெனத் தனிக்கணக்கு ஒன்றைத் தொடங்கி, வரவு செலவு அனைத்தையும் அதன் வழியே நடத்துக. உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது, அதையும் செய்துகொள்க. விற்பனை நிலைபெற்றபின் சரக்கை விரிவாக்கப் பணம் தேவைப்பட்டால், பிரதம மந்திரி முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் பிணையின்றிக் கடன் பெற விண்ணப்பிக்கலாம். கிளைக்கு வரும்போது ஆறு மாதக் கணக்கு அறிக்கையுடன், எத்தனை ஆணைகள் வந்தன, எத்தனை திரும்பின என்ற குறிப்பையும் கொண்டு வருக.