ஜெனரேட்டரில் ஆர்.வி. ஏசி: சுமை பார்த்துப் போடுங்கள்

அமெரிக்காவில் ஆர்.வி. எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு: கூரையில் இருக்கும் 13,500 பிடியூ ஏசி ஓடும்போது சுமார் 1,500 வாட்தான் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் கேட்பதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2,200 வாட் என்று எழுதிய ஜெனரேட்டர் திணறி நிற்பது அங்கேதான். அந்த எண் உச்ச அளவு. தொடர்ந்து தருவது 1,800 வாட் போலத்தான். ஏசிக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தினால் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் பாதிக்கு மேல் குறையும். செலவுதான், ஆனாலும் பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிட இதுவே தேவலை.

ஏசி போடுமுன் வாட்டர் ஹீட்டரையும், கேஸிலும் ஓடும் ரகமென்றால் ஃப்ரிட்ஜையும், கேஸுக்கு மாற்றிவிடுங்கள். ஜெனரேட்டரின் ஈகோ மோடை அணைத்து, முதலில் ஃபேன் மட்டும், பிறகு கூலிங். நடுவில் மைக்ரோவேவில் சோறு சூடாக்க வேண்டுமா? ஏசியை ஃபேனுக்குத் திருப்புங்கள். மறுபடி கூலிங் போட 3 நிமிடமாவது பொறுங்கள். பேட்டரி சார்ஜரும் சத்தமில்லாமல் கரண்ட் தின்னும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கொலராடோ மாதிரி மலைப்பக்கம் போனால் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஜெனரேட்டரின் சக்தி சுமார் 3 சதவீதம் குறையும்.

புகைக்குழாய் ஜன்னல் பக்கம் இருக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே படுங்கள்.