எண்ணைப் படி, கருவியை வாங்கு



நம் ஊரிகத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சுரங்கம்தான். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் எடுக்க வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

அதன் பிறகு வேலை மாறியது. பலர் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆட்டோ, கார் ஓட்டுகிறார்கள். சுரங்கத்தில் வேலைக்கு வேண்டிய கருவி ஸ்டோரில் கிடைத்தது. இப்போது நம் காசில் வாங்க வேண்டும். அதனால் பார்த்து வாங்க வேண்டும்.

ஓர் அக்காவும் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவரும் பேசுவதைப் படியுங்கள்.

அக்கா: மாமா, தம்பி பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். சாக்கெட் பெட்டி வேண்டுமாம். சங்கத்தில் கடன் வாங்கித் தருகிறேன் என்றேன். கடையில் 40 உருப்படி உள்ள பெட்டி 600 ரூபாய். 12 உருப்படிப் பெட்டி 1,800 ரூபாய். 40 உருப்படிதானே லாபம்?

பெரியவர்: உருப்படியை எண்ணாதே அம்மா. எண்ணைப் படி. ஒவ்வொரு சாக்கெட்டிலும் எண் பொறித்திருக்கும். அந்த 40இல் 4, 5, 6 என்று சின்னச் சின்ன சாக்கெட்டும், திருப்புளி முனையும்தான் நிறைய இருக்கும். தம்பிக்கு எது வேண்டும்?

அக்கா: தெரியலையே மாமா.

பெரியவர்: முதலில் அதைத் தெரிந்துகொள். மெக்கானிக்கிடம் ஸ்பானர் கேட்டு வாங்கி, காரில் எந்த நட்டுக்கு எது பொருந்துகிறது என்று பார்க்கச் சொல். நோட்டில் எழுதச் சொல். பெரும்பாலும் 10, 12, 13, 14, 17 வரும். சக்கர நட்டு 17, 19, 21 என்று காருக்குக் கார் மாறும்.

அக்கா: ஒன்று கூடக்குறைய இருந்தால் என்ன மாமா?

பெரியவர்: சுரங்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து மிஷின் இருந்தது. அதில் எல்லாம் அங்குலக் கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அரை அங்குலம் 12.7. அந்த நட்டில் 13 சாக்கெட்டைப் போட்டால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறுகிய நட்டைத் திருப்பினால் மூலை மழுங்கிவிடும். பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது. கை வழுக்கி அடிபடும்.

அக்கா: அப்போ 1,800 ரூபாய்ப் பெட்டியையே வாங்கட்டுமா?

பெரியவர்: அவசரம் வேண்டாம். நல்ல கைப்பிடி ஒன்று, நீட்டுக் கம்பி ஒன்று, வேண்டிய சாக்கெட் ஐந்தாறு. இவற்றைச் சில்லறையாகவும் வாங்கலாம். இரண்டு கணக்கையும் போட்டுப் பார். எது குறைவோ அதை வாங்கு.

வாங்கும்போது பாருங்கள்

1. கைப்பிடியின் முனையில் சதுரக் கட்டை இருக்கும். அது கால் அங்குலம், 3/8 அங்குலம், அரை அங்குலம் என்று வரும். கால் அங்குலம் வீட்டுச் சாமானின் சின்ன நட்டுக்கு. 3/8 இன்ஜின் வேலைக்கு. அரை அங்குலம் சக்கரம் போன்ற பெரிய வேலைக்கு. சாக்கெட்டின் ஓட்டையும் அதே அளவில் இருக்க வேண்டும்.

2. சாக்கெட்டின் உள்ளே மூலைகளை எண்ணுங்கள். சிலவற்றில் 6, சிலவற்றில் 12. துருப்பிடித்த நட்டுக்கு 6 மூலை நல்லது. நட்டின் பக்கங்களை நன்றாகப் பிடிக்கும்.

3. ராட்செட் கைப்பிடியைத் திருப்புங்கள். டிக் டிக் என்று கேட்கும். உள்ளே பல் சக்கரம் இருக்கிறது. ஒரு சுற்று 360 பாகை. 24 பல் என்றால் ஒரு டிக்குக்கு 15 பாகை. 72 பல் என்றால் 5 பாகை. இடம் குறைந்த மூலையில் 72 பல் வசதி. பல் நிறைய இருப்பதால் மட்டும் கைப்பிடி உறுதி ஆகிவிடாது. இரண்டு பக்கமும் மாற்றிப் பாருங்கள். பல் நழுவினால் வாங்காதீர்கள்.

4. குரோம் வனேடியம் நல்ல உருக்கு. அதற்கு சி ஆர் வி என்று பொறித்திருப்பார்கள். ஆனால் எழுத்தை யாரும் பொறிக்கலாம். சாக்கெட் கைப்பிடியில் ஆடாமல் உட்காருகிறதா, முலாம் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பில் கேளுங்கள். மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

பயன்படுத்தும்போது கவனம்

நன்றாக இறுகிய நட்டை ராட்செட்டால் கழற்றாதீர்கள். முழுப் பாரமும் உள்ளே இருக்கும் சின்னப் பல்லின் மேல் விழும். பல் உடையும். ராட்செட்டில் குழாய் செருகி மிதிக்காதீர்கள். நீளமான டி கைப்பிடியால் இளக்குங்கள். பிறகு ராட்செட்டால் சுற்றுங்கள்.

சக்கரம் மாற்றும்போது, வண்டி தரையில் இருக்கையிலேயே நட்டைச் சற்று இளக்க வேண்டும். அதன் பிறகே ஜாக்கி போட வேண்டும். மாட்டும்போது நட்டுகளை எதிர் எதிராக இறுக்குங்கள். வண்டியை இறக்கியபின் மீண்டும் இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். இளகிய நட்டு உயிரைப் பறிக்கும்.

பேட்டரி கழற்றும்போது முதலில் கழித்தல் குறியுள்ள வயரைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், கருவி வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம்.

கணக்குப் போடுங்கள்

கைப்பிடி 650 ரூபாய். நீட்டுக் கம்பி 150 ரூபாய். ஆறு சாக்கெட், ஒன்று 90 ரூபாய். மொத்தம் எவ்வளவு? 1,800 ரூபாய்ப் பெட்டியைவிட எவ்வளவு மிச்சம்? (விலைகள் கணக்குக்காக மட்டும்.)

கலந்து பேசுங்கள்

1. 40 உருப்படிப் பெட்டி ஏன் எல்லோருக்கும் லாபம் ஆகாது?
2. உங்கள் வீட்டில் எந்தெந்தச் சாமானில் நட்டு இருக்கிறது?
3. தெருவில் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் யார் பொறுப்பில் வைக்கலாம்? யார் எடுத்தார் என்று எழுத ஒரு நோட்டுப் போடலாமா?

செய்து பாருங்கள்

ஒரு ஸ்பானரை எடுத்து அதிலுள்ள எண்ணைப் படியுங்கள். உங்கள் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.